ஒற்றை வாத்துக்கு அனுமதி இல்லை

கேடயத்தின் நடுவில் நிற்கிற சின்னத்துக்கு நடுச்சின்னம் என்று பெயர். அதன் பக்கத்தில் நிற்பதற்குப் பக்கச்சின்னம் என்று பெயர். இந்த இரண்டு வரியைக் காப்பாற்றுவதற்காக எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் ஒரு மாளிகை, அதற்கு நாற்பத்திரண்டு ஜன்னல், ஒரு கொடிமரம், பட்டுச்சட்டை போட்டு ‘தூதர்’ என்று பட்டம் வைத்துக்கொண்ட அதிகாரிகள் மூன்று பேர். கிழக்குக் கரைச் சின்ன மன்றம் என்று பெயர். ஸ்காட்லாந்தின் இந்தக் கரையில் உங்கள் கதவிலோ மோதிரத்திலோ கல்லறையிலோ குடும்ப அடையாளமாக ஒரு கேடயம் போட்டுக்கொள்ள வேண்டுமென்றால் அவர்கள் முத்திரை வேண்டும். முத்திரை இல்லாமல் போட்டால் உளியும் சுத்தியலுமாக வந்து செதுக்கி எடுத்துவிட்டுப் போவார்கள். மழை இல்லாத நாளாகப் பார்த்து, முன்கூட்டியே கடிதம் போட்டுவிட்டு, மரியாதையாக வருவார்கள்.

நான் எல்ஸ்பெத். கில்மோரித் துறைமுகத்தில் கல்லறைக் கல் வெட்டுகிறேன். வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் எனக்குப் பெயர். இதைப் படித்து முடித்த பிறகு, இவள் பேசியது குறைவுதான் என்று நீங்களே சொல்வீர்கள்.

எங்கள் துறைமுக ரேடியோவில் முப்பத்தொரு வருஷம் பேசியவள் நெட்டா இம்ரி. காற்று எந்தப் பக்கம், மூடுபனி எத்தனை மணிக்கு, எந்த மாலுமியின் பெண்டாட்டிக்கு வலி எடுத்துவிட்டது என்று எல்லாச் செய்தியும் அவள் குரலில்தான் கடலுக்குப் போகும். அவள் கணவர் டூகல் இம்ரி படகு எஞ்சின் மெக்கானிக். பேசமாட்டார். வேலை முடிந்ததும் ரேடியோ அறைக்குப் போய் அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். அவ்வப்போது டீ ஊற்றிக் கொடுப்பார். பிள்ளை குட்டி கிடையாது.

நெட்டா ஓய்வு பெற்றபோது அவளுக்கு ஒரு கேடயச் சின்னம் வாங்கித் தருவதென்று துறைமுகக் குழு தீர்மானம் போட்டது. காலண்டர் தாளின் முதுகில் அவளே வரைந்து கொடுத்தாள். நடுவில் ஒரு படகு விளக்கு. அதற்கு இடப்பக்கம், ஒரே ஒரு கடல்வாத்து, விளக்கைப் பார்த்தபடி.

“விளக்கு நானு. வாத்து இவரு,” என்று குழுவிடம் சொன்னாள். டூகலுக்கு முகம் காது வரை சிவந்துவிட்டது.

தாள் மன்றத்துக்குப் போனது. மன்றம் அதைப் படித்து முடிப்பதற்குள், பிப்ரவரியில், நெட்டா போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அடக்கம் முடிந்த மறுவாரம் டூகல் என் பட்டறைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“எல்ஸி, அவ வரைஞ்சது அப்படியே கல்லுல வரணும் புள்ள. அவ கேட்டது அது ஒண்ணுதான்.”

“மன்றத்து முத்திரை வேணும் அண்ணே. இல்லாட்டி செதுக்கி எடுத்துருவாங்க. பேக்கரிக்காரர் அவங்கப்பா கல்லுல சிங்கம் போட்டாரே, இப்பப் போய்ப் பாருங்க. அம்மை வந்த மூஞ்சி மாதிரி இருக்கு.”

“ஒரு லெட்டர் போட்டா குடுப்பாங்கல்ல?”

“குடுக்காம என்ன? செத்துப்போன பொம்பளை ஒரு வாத்து கேட்டிருக்கா. அதுல என்ன தகராறு வரப்போகுது?”

சொன்னேன். என் வாயில் யாராவது உளியைப் போட்டிருக்க வேண்டும்.

ஐந்து வாரம் கழித்து முதல் கடிதம் வந்தது. தடித்த தாள், சிவப்பு மெழுகு முத்திரை. டூகல் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பட்டறைக்குக் கொண்டுவந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியும். ஆனாலும் என்னை வாசிக்கச் சொன்னார்.

நெட்டாவின் மறைவுக்கு மன்றம் வருந்தியது. விளக்கு பொருத்தமானது என்று பாராட்டியது. ஆனால் விதி ஏழின்படி, நடுச்சின்னத்தின் பக்கத்தில் நிற்கும் சின்னம் ஒற்றையாக இருக்கக் கூடாது. இரு பக்கமும் ஒவ்வொன்றாக இரண்டு நிற்கலாம். அல்லது மேலே இரண்டும் கீழே ஒன்றுமாக மூன்று நிற்கலாம். ஒன்று மட்டும் நின்றால் கேடயம் ஒரு பக்கம் சாய்ந்த தோற்றம் தரும்; பார்ப்பவர் மனம் சங்கடப்படும். ஆகவே மனுதாரர் இன்னொரு வாத்தைச் சேர்க்க வேண்டும், அல்லது இருக்கிற வாத்தை எடுத்துவிட வேண்டும்.

“என்னை எடுத்துறச் சொல்றாங்களா?” என்றார் டூகல்.

“இல்லண்ணே, வாத்தை.”

“அதைத்தான் கேக்கறேன்.”

அந்த வாத்து நான்தான், நான் ஒருவன்தான், என்று பதில் எழுதினார். ஒரு மாதத்தில் பதில் வந்தது. பக்கச்சின்னம் யார் என்பதை மன்றம் ஆராய்வதில்லை. வாத்து என்றால் வாத்துதான். இத்துடன் ஒரு படிவம் இணைக்கப்பட்டுள்ளது. ‘பக்கச்சின்னத்தின் துணை: பெயர், வயது, உறவு.’

டூகல் இரண்டு நாள் யோசித்தார். மூன்று கட்டத்திலும் ‘இல்லை’ என்று எழுதி அனுப்பினார். படிவம் திரும்பி வந்தது. ‘இல்லை’ என்பது பதிலாகாது. ‘தற்போது காலி’ என்று எழுதவும். எழுதினார். அதுவும் திரும்பி வந்தது. எந்தத் தேதியிலிருந்து காலி என்று குறிப்பிடவும்.

எனக்கு ரத்தம் கொதித்தது. “இவனுங்களுக்குப் பொழுது போகலைன்னா கடல்ல போய் விழட்டும்!” என்று கத்தினேன்.

டூகலுக்குக் கோபம் வரவில்லை. நான் கவனித்தது வேறு. தபால் வண்டி வருகிற நேரத்துக்கு அவர் முகச்சவரம் செய்துகொண்டு வாசலில் நின்றார். கடிதம் வந்த நாளில் என் பட்டறைக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். “பாரு புள்ள, ‘அன்புள்ள திரு. இம்ரி அவர்களுக்கு’ன்னு போட்டிருக்காங்க,” என்று காட்டினார். வராத வாரத்தில் கடைத்தெருவில்கூட அவரைக் காணோம். ஒருநாள் நானே போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே துறைமுக ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக வந்த பையன் யாரோ காற்றின் வேகம் சொல்லிக்கொண்டிருந்தான். டூகல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நாற்காலி காலி. அடுப்பு பற்றவைக்கவே இல்லை. “சாப்பிட்டீங்களா அண்ணே?” என்றேன். “தெரியலை,” என்றார்.

செப்டம்பரில் மன்றத்திலிருந்து ஆளே நேரில் வந்தது. மூவரில் இளையவர், பட்டப்பெயர் கருமுள் தூதர். இளையவர் என்றால் அறுபத்தாறு வயது. சொந்தப் பெயர் லீஷ்மன் என்று பிறகு தெரிந்தது. மழைக்கோட்டுக்கு உள்ளே பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். வீட்டில் இன்னொரு வாத்துக்கு வாய்ப்பு உண்டா என்று நேரில் ஆய்வு செய்ய வேண்டுமாம். சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டார்கள்.

டூகல் காலையிலிருந்தே சூப் வைத்திருந்தார். ஆட்டெலும்பு, பார்லி, கேரட். மேசையில் மூன்று கிண்ணம் வைத்தபோது அவர் கை ஒரு நிமிஷம் நின்றது.

கருமுள் தூதர் குறிப்பேட்டைத் திறந்தார். “கூடப் பொறந்தவங்க?”

“ஒரு அண்ணன் இருந்தார். கடல்ல போயிட்டார்.”

“நாய்? பூனை?”

“நெட்டாவுக்குத் தும்மல் வரும்.”

“வாரத்துக்கு எத்தனை பேர் வந்து போவாங்க?”

டூகல் விரலை மடக்கினார். பிறகு பிரித்தார். “நீங்க வந்திருக்கீங்க,” என்றார்.

தூதர் அதை எழுதிக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, வாத்தின் நிறம் பற்றியும் ஆட்சேபம் இருப்பதாகச் சொன்னார். நெட்டா பழுப்பு அடித்திருந்தாள். பழுப்பு என்று ஒரு நிறத்தை மன்றம் அங்கீகரிக்கவில்லை.

“வாத்து பழுப்பாத்தானே இருக்கு?” என்றேன் நான்.

“அது வாத்தோட குறைபாடும்மா. எங்களை என்ன பண்ணச் சொல்றீங்க? அப்புறம், முகம். கேடயத்துல எந்த உயிரா இருந்தாலும் கேடயத்தோட வலப்பக்கம்தான் பார்க்கணும். வலதுன்னா, பார்க்கறவங்களுக்கு இடது. ஏன்னா, கேடயத்தைப் பிடிச்சு நிக்கறவரோட வலதுதான் கணக்கு.”

“பிடிச்சு நிக்கறவதான் செத்துட்டாளே?”

“செத்தவங்களுக்கும் வலது உண்டு.”

டூகல் காலண்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கணக்குப் போட்டு முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “அப்படிப் பார்த்தா, வாத்து விளக்குக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கணும்.”

“ஆமா.”

“நாப்பத்தாறு வருஷத்துல நான் ஒருநாளும் அவளுக்கு முதுகு காட்டினதில்லை அய்யா.”

அந்த மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு, “சூப் இன்னும் கொஞ்சம் இருக்கா?” என்று கேட்டார். இரண்டு மணிப் பஸ்ஸையும் விட்டார், நாலு மணிப் பஸ்ஸையும் விட்டார். மூன்று கிண்ணம் சூப் குடித்தார். போகும்போது, விசாரணை மார்ச் மாதம் நடக்கும், நேரில் வரவும் என்று தாளை நீட்டினார்.

மார்ச்சில் போனோம். டூகல் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டிருந்தார். தோளில் தொளதொளவென்று தொங்கியது.

மண்டபத்து மேடையில் மூன்று நாற்காலி. நடுவில் மன்றத் தலைவர், பட்டப்பெயர் வெள்ளிப் பன்றித் தூதர். உடம்பும் பட்டத்துக்கு ஏற்றபடி இருந்தது. அவருக்கு ஒரு பக்கம் கருமுள். இன்னொரு பக்க நாற்காலியில் பட்டுச்சட்டை மட்டும், உள்ளே ஆள் இல்லாமல், ஒரு மரச்சட்டத்தில் மாட்டி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதற்கு முன்னாலும் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருந்தார்கள்.

டூகலால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. “அவரு வரலீங்களா?” என்று கேட்டார்.

“இரட்டைக் கோபுரத் தூதர் பதினோரு வருஷத்துக்கு முன்னால காலமாயிட்டார்,” என்றார் தலைவர். “பக்க ஆசனம் காலியா இருந்தா மேடை சாய்ஞ்ச மாதிரி தெரியும். அதனால சட்டையை உட்கார வச்சிருக்கோம்.”

“வேற ஆள் போடலீங்களா?”

“எதுக்கு? உயிரோட இருந்தப்போ எதுக்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுவார். இப்ப எல்லாத்துலயும் எங்கூட ஒத்துப்போறார். மன்றத்து வேலை இத்தனை சீரா எப்பவும் நடந்ததில்லை.”

கருமுள் தூதர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு வருஷமாக அந்தச் சட்டையோடு ஒரே மேடையில் உட்கார்ந்திருக்கிற மனிதர். மூன்று கிண்ணம் சூப் எதற்கென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

தலைவர் எழுந்து நின்றார். பேச்சு என்றால் அவருக்கு உயிர் என்பது நிற்கிற தோரணையிலேயே தெரிந்தது.

“திரு. இம்ரி, நானூறு வருஷமா இந்த மன்றம் ஒருத்தரைக்கூட சந்தோஷப்படுத்தினது கிடையாது. எங்க நடுநிலைமையே அதுலதான் இருக்கு. ஒருத்தரைச் சந்தோஷப்படுத்தினா இன்னொருத்தர் கேப்பார். உங்களுக்கு ஒத்தை வாத்து குடுத்தோம்னு வைங்க, நாளைக்கு ஒத்தையா இருக்கறவங்க எல்லாரும் இந்த வாசல்ல வந்து நிப்பாங்க. இந்தக் கரையில அப்படி எத்தனை பேர் இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க. யாரும் எங்கிட்டப் பேசறதில்லை.”

“நாங்க எண்ணிப் பார்த்திருக்கோம். பயமா இருக்கு! அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு வாத்துன்னா கேடயக் கலையே அழிஞ்சு போகும். விதி மனுஷங்களுக்காக இல்லை திரு. இம்ரி. மனுஷங்க வருவாங்க, போவாங்க. விதிக்குத்தான் வேற நாதி இல்லை. அதுக்கு நாங்கதான் இருக்கோம்.” சொல்லும்போது அவர் கண் உண்மையாகவே கலங்கியது. “வாக்கெடுப்பு. மனுவை நிராகரிக்கிறேன். இரட்டைக் கோபுரம்?” சட்டையைப் பார்த்தார். “ஒத்துக்கறார். கருமுள்?”

கருமுள் தூதர் ஒரு பழைய தோல் அட்டைப் புத்தகத்தைத் திறந்தார். “தலைவரே, விதி நூற்றுப் பத்தொன்பது. தன் உடைமையை இழந்த குடும்பம், பழைய சின்னத்தை நிழலாப் போட்டுக்கலாம். வெறும் கோடு. உள்ளே நிறம் கிடையாது, கண் கிடையாது, இறகு கிடையாது. பின்னால இருக்கற கல்லு அப்படியே தெரியும்.”

“சரி. இவர் எதை இழந்தார்? நிலமா, கோட்டையா?”

“மனைவியை, தலைவரே.”

“பட்டியல்ல மனைவி இருக்கா?”

“இல்லை. கடைசில ‘இன்ன பிற’ன்னு இருக்கு.”

தலைவர் தாடையைத் தடவினார். “இன்ன பிறவில போடலாம்,” என்றார்.

“நிழல் சின்னமாகாது தலைவரே. சின்னமே இல்லைங்கறதால அதுக்கு ஜோடி தேவையில்லை. நிறமே இல்லாததால பழுப்புத் தகராறும் இல்லை. விதி ஏழுக்கு எந்தப் பங்கமும் வரலை.”

தலைவர் முகம் மலர்ந்தது. விதி பிழைத்துவிட்டது! சட்டையும் ஒத்துக்கொண்டது. எழுத்தர் தீர்ப்பை வாசித்தார்: நடுவில் விளக்கு, பொன் நிறம், முழுமையாக. பக்கத்தில் மனுதாரர், நிழலாக.

என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்துவிட்டேன். “உசிரோட இருக்கற மனுஷனை நிழல்னு எழுதறீங்களே, உங்களுக்கெல்லாம் ஈவு இரக்கம் இருக்கா? அவரு இங்கதானே நிக்கறாரு! செத்தவளுக்குத் தங்கம், இருக்கறவருக்கு வெறும் கோடா?”

“அம்மணி,” என்றார் தலைவர், “நிழலுக்கே இங்க பேச்சுரிமை கிடையாது. நிழலோட கூட வந்தவங்களுக்குச் சுத்தமா கிடையாது.”

டூகல் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். “விடு எல்ஸி. போன வருஷம் பிப்ரவரிலேருந்து எல்லாரும் எங்கிட்ட, ‘நல்லாத்தானே இருக்கீங்க’ன்னுதான் கேக்கறாங்க. நான் எப்படி இருக்கேன்னு இவங்க மட்டும்தான் சரியா எழுதியிருக்காங்க.”

எனக்குப் பேச்சு வரவில்லை. ஊரில் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் வரவில்லை.

டூகல் மேடையைப் பார்த்தார். “அய்யா, நிழலுக்கு முகம் எந்தப் பக்கம்னு ஏதாச்சும் விதி இருக்குங்களா?”

தலைவரும் கருமுள்ளும் புத்தகத்தைப் புரட்டினார்கள். இருபது நிமிஷம் புரட்டினார்கள். எழுத்தர் ஏணி போட்டு இன்னும் இரண்டு புத்தகம் எடுத்துக் கொடுத்தார். கடைசியில் தலைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“இல்லை,” என்றார். “கண்ணே இல்லாதது எந்தப் பக்கம் பார்த்தா என்னன்னு முன்னோர்கள் விட்டிருக்கலாம்.”

“அப்ப விளக்கைப் பாக்கட்டும்,” என்றார் டூகல்.

முத்திரை குத்தினார்கள்.

கல் முடிக்க எனக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. விளக்குக்குப் பொன்தாள் ஒட்டினேன். வாத்தை ஒரே கோட்டில் இழுத்தேன், நெட்டா வரைந்த அதே வளைவில். ஏப்ரல் நடுவில் கல்லறைத் தோட்டத்தில் நட்டோம். கடல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. டூகல் குனிந்து, வாத்தின் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

“நல்லா இருக்கு புள்ள. அவ போட்டது மாதிரியே இருக்கு.”

“ஜெயிச்சிட்டீங்க அண்ணே. பதினாலு மாசம் அவனுங்களோட மல்லுக்கட்டி ஜெயிச்சிட்டீங்க.”

தலையாட்டினார். வண்டியில் சாமான்களை ஏற்றினேன். அவர் அங்கேயே நின்றார். நான் திரும்பி வந்தபோது, கல்லைப் பார்த்தபடியே கேட்டார்.

“இனிமே அங்கேருந்து லெட்டர் வராதுல்ல?”

“எதுக்கு வரணும்? எல்லாம் முடிஞ்சுபோச்சு.”

“இந்தத் தீர்ப்பு மேல அப்பீல் பண்ண முடியுமா எல்ஸி?”

“ஜெயிச்சவரு எதுக்குண்ணே அப்பீல் பண்ணணும்?”

தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த மன்றத்தை நான் சபிக்காத நாள் கிடையாது. அந்த மாளிகை இடிந்து விழ வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தப் பாவிகள் இன்னும் ஒரே ஒரு ஆட்சேபம் சொல்லியிருக்கக் கூடாதா என்று என் மனசு அடித்துக்கொண்டது.

கேடயத்துக்குக் கீழே வெறுமையாக இருந்த இடத்தைப் பார்த்தேன்.

“அண்ணே, இங்க ஒரு வாசகம் போடலாம். ஒரு வரி. நெட்டா ரேடியோல எப்பவும் சொல்வாங்களே, ஏதாச்சும். ஆனா சும்மா போட முடியாது. அதுக்குத் தனியா மனு போடணும். எத்தனை எழுத்து, எந்தப் பக்கம் சாயணும், எதுல முடியணும்னு நூறு விதி வச்சிருப்பானுங்க. நேர்ல ஆள் அனுப்பி விசாரிப்பாங்க.”

டூகல் நிமிர்ந்தார். “யாரை அனுப்புவாங்க? அந்தக் கருமுள்ளையா?”

“வேற யாரு இருக்கா? மத்தது சட்டைதானே.”

“எத்தனை நாள் ஆகும்?”

“லேசுல விடமாட்டாங்கண்ணே. ரெண்டு வருஷம்கூட இழுப்பாங்க.”

அவர் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு காதுவரை இழுத்துவிட்டார். “நட புள்ள,” என்றார். “தபால் வண்டி போறதுக்குள்ள எழுதிருவோம்.”